வராத காய்ச்சல்

எலும்பு மெலிவுக்காக வருடத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் மருந்து, முதல் தடவை தையல்காரரின் மனைவியை மூன்று நாள் காய்ச்சலில் புரட்டிப் போட்டது. அடுத்த வருடம் முறை வந்தபோது, "என்னால முடியாதுங்க" என்று அழுதாள். "ரெண்டாந்தடவை இவ்வளவு இருக்காது சார்" என்று நர்ஸ் போனில் சொல்லியும் அவருக்கு மனசு கேட்கவில்லை. "சரி, விடு" என்றார்.

அதற்கு ஏழாம் மாதம் அவள் குளியலறை வாசலில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அறுவைச் சிகிச்சை முடிந்து சில வாரம் கழித்து அதே மருந்தை ஏற்றினார்கள். மாத்திரையும் ஈரத்துணியுமாக அவர் இரண்டு நாள் பக்கத்திலேயே காத்திருந்தார். உடம்பு லேசாகச் சுட்டதோடு சரி.

அவள் இனி பிடிமானம் இல்லாமல் நடக்க முடியாது.

"நான்தானே வேண்டாம்னு அழுதேன். நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

"நான் அதட்டியிருக்கணும்மா" என்று சொல்லிவிட்டு, அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.