விட்டுப்போன கோணம்

கணவரைப் பரிசோதனைக்கு இழுத்து வருவதற்குள் டாக்டருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இரண்டு மாடி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கியது. ஊருக்கெல்லாம் இதயம் பார்க்கிறவள் வீட்டில் இப்படி ஓர் அலட்சியம். 'வயசாச்சு, வேறென்ன' என்று இத்தனை நாள் சாக்குச் சொன்ன மனிதர் இன்று வேண்டாவெறுப்பாகச் சட்டையைக் கழற்றிப் படுத்தார்.

எக்கோ என்னும் இதய ஸ்கேனை எடுத்தவள், வருஷக்கணக்காகக் கூட வேலை பார்க்கும் டெக்னீஷியன் கழுகு. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பதால் டாக்டரே வைத்த பட்டப்பெயர். கண்ணை மூடிக்கொண்டு நம்ப டாக்டருக்கு உலகத்தில் இரண்டே பேர்தான். இரண்டு பேரும் அந்த அறையில் இருந்தார்கள்.

டிரெட்மில்லில் ஏறுவதற்கு முன் நாலு கோணத்தில் படம், இறங்கிய சூட்டோடு அதே நாலு கோணம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, இதயத்தின் எந்தச் சுவர் சுருங்கத் திணறுகிறது என்று பார்க்க வேண்டும். முதல் நாலில் மூன்றுதான் திரையில் இருந்தன. அவற்றிலும் கீழ்ச்சுவர் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது.

"என்னடி, தூக்கக் கலக்கமா? கீழ்ச்சுவரையே காணோம்."

"நுரையீரல் மறைக்குது டாக்டர்."

"மூச்சு விடாம பேசற மனுஷன்தானே, கொஞ்சம் அடக்கச் சொல்லு."

"ஓடட்டும் டாக்டர். அப்புறம் பார்த்துக்கலாம்."

அப்புறமா? கழுகு அப்படிப் பேசுகிற ஆளே இல்லை. டாக்டர் கருவியை அவள் கையிலிருந்து வாங்கி, தானே கணவரின் மார்பில் வைத்தாள்.

கொஞ்சம் திருப்பியதுமே தெரிந்தது. மற்ற சுவர்களெல்லாம் தடித்துச் சுருங்கி வேலை பார்க்க, கீழ்ச்சுவர் மட்டும் மெலிந்து, வெளுத்து, அசையாமல் கிடந்தது. நேற்று அடிபட்ட சதை இப்படி மெலியாது. என்றோ வந்துபோன மாரடைப்பின் தழும்பு அது.

"எப்ப வந்தது?"

அவர் மனைவியைப் பார்க்கவில்லை. கழுகைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் டாக்டருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நீங்க மேல்படிப்புக்குப் போயிருந்தப்போ, அக்கா," என்றாள் கழுகு. "எனக்குத்தான் போன் பண்ணாரு. வேற ஆஸ்பத்திரியில சேர்த்தேன். சொன்னா பரீட்சையை விட்டுட்டு ஓடி வந்துடுவீங்கன்னு..."

"பரீட்சை முடிஞ்சப்புறம்?"



"நீ என்னை நோயாளியா பார்க்க ஆரம்பிச்சுடுவேன்னு பயந்தேன்மா," என்றார் அவர். "அப்புறம் தள்ளிப் போயிட்டே இருந்தது."

இத்தனை வருஷம் அந்த மார்பில்தான் டாக்டர் தலை வைத்துத் தூங்கியிருக்கிறாள். இன்றைக்கும், 'குறையொன்றும் இல்லை' என்று அவள் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். இரண்டு பேரும் கூடிப் பேசி அவளை முட்டாளாக்கியிருக்கிறார்கள்.

அவர் எழ முயன்றார். மார்பெல்லாம் ஜெல். கழுகு பழக்கதோஷத்தில் துடைக்கும் தாளைக் கிழித்துவிட்டு, சட்டென்று நின்று, அதை டாக்டரிடம் நீட்டினாள்.

டாக்டர் வாங்கவில்லை.

"நீயே துடைச்சு விடு. உனக்குத்தான் பழக்கமாச்சே."