உறை பிரிக்காத நாற்காலிகள்

கடையில் வேலை செய்பவர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஜவுளிக்கடை முதலாளியும் போட்டார். சும்மா போடவில்லை, ரிப்பன் கட்டி, அதைத் தானே வெட்டி, "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று கண் கலங்கப் பேசி, போட்டோவும் எடுத்துக்கொண்டு போட்டார். பிறகு, "உறையைப் பிரிச்சிடாதீங்க, அழுக்காயிடும்" என்று சொல்லிவிட்டு மாடியிலிருந்த ஏசி அறைக்குப் போய்விட்டார்.

போர்வைப் பிரிவில் நிற்கும் பெரியக்காவின் கெண்டைக்காலில், வருஷக்கணக்காக நின்று நின்று, நரம்பு புடைத்து முறுக்கிக்கொண்டிருந்தது. கணுக்காலுக்கு மேல் புண் வேறு. "இன்னும் நின்னீங்கன்னா ஆறவே ஆறாது. அப்புறம் காலே உங்க பேச்சைக் கேக்காது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேலையை விடவும் வழியில்லை. வீட்டில் சம்பாதிப்பது அந்தக் கால்கள்தான்.

மறுநாள் கூட்டம் ஓய்ந்ததும் உட்கார்ந்தாள். உட்கார்ந்த சூடு பரவுமுன் போன் அடித்தது. எடுத்துக் கேட்ட சூப்பர்வைசர் ஓடி வந்தான். கடைப் பெண்கள் அவனுக்கு வைத்த பெயர் ஒட்டடைக்குச்சி.

"எழுந்திருங்கக்கா. உட்கார்ந்தா கவுன்டர் மறைக்குதாம். மேலே முதலாளி பாக்கற கேமராவுல நீங்க தெரியலையாம்."

"நான் என்ன பேயா தம்பி, மறைஞ்சு போறதுக்கு?"

"எங்கிட்ட ஏன் சட்டம் பேசறீங்க? மேலே போய்ப் பேசுங்க."

போனாள். மாடி ஏறுவதற்குள் புண் தெறித்தது. முதலாளி சுழல் நாற்காலியில் ஆடிக்கொண்டே கேட்டார்.

"நாற்காலி போடுன்னு சட்டம் சொல்லிச்சு, போட்டேன். முதலாளிக்கும் உரிமைன்னு ஒண்ணு இருக்கில்லம்மா? ஆள் நிக்கறது எனக்குத் தெரிய வேணாமா?"

அவர் நாற்காலியின் மெத்தை, உட்கார்ந்து உட்கார்ந்தே குழி விழுந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

அந்த வாரமே தொழிலாளர் துறை அதிகாரி வந்தார். முதலாளியின் குரலில் தேன் வடிந்தது. "உட்காரும்மா, எல்லாரும் உட்காருங்க, உங்களுக்குத்தானே வாங்கியிருக்கு." உட்கார்ந்தார்கள். அதிகாரி ஒரு சுற்றுச் சுற்றி, முதலாளியின் பெரிய மனதைப் பாராட்டி, காப்பி குடித்துவிட்டுக் காரேறினார். வழியனுப்பிய கையோடு முதலாளி மாடிக்குப் போனார்.

"போதும், எழுந்திருங்க" என்றான் ஒட்டடைக்குச்சி.

பெரியக்கா எழுந்திருக்கவில்லை. துணி வெட்டும் கத்தரியை எடுத்து நாற்காலியின் உறையைக் கிழித்துப் போட்டாள்.

"அக்கா, வேலை போயிடும்."

"வேலை போனா வேற தேடலாம் தம்பி. கால் போனா எங்கே தேடறது?"

துண்டுப் பிரிவுப் பெண் எழ முயன்றவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடுத்து ஜமுக்காளம், தலையணை என்று கடை முழுக்க உறை கிழிபடும் சத்தம். மேலே திரையில் ஒரு தலைகூடத் தெரிந்திருக்காது.

முதலாளி தடதடவென்று படியிறங்கி ஓடி வந்தார். மூச்சு இரைத்தது. நெஞ்சைப் பிடித்தபடி, உட்கார இடம் தேடிச் சுற்றிலும் பார்த்தார். ஒரு நாற்காலியும் காலியாக இல்லை.

பெரியக்கா உட்கார்ந்தபடியே, கைக்கெட்டிய தட்டிலிருந்து ஒரு போர்வையை எடுத்து, அப்போதுதான் வந்து நின்ற வாடிக்கையாளரிடம் நீட்டினாள்.

"கொஞ்சம் நில்லுங்க முதலாளி. இவங்களுக்குக் காட்டிட்டு வந்துடறேன்."