மூளிக் கோப்பை

1

அறுபத்தெட்டாம் வருஷம் தை மாதம் எங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: என் தம்பி சுந்தரேசன், அவன் மனைவி ஜகதாம்பாள், மகள் ஜயா, அவளை நிச்சயம் பண்ணத் திட்டக்குடியிலிருந்து வந்த பிள்ளையின் தகப்பனார் வெங்கடகிருஷ்ணன், அவர் தமக்கை பாக்யலட்சுமி, நான். எதிர்வீட்டு ஜன்னலில் நின்றவர்களை இருந்தவர்களாக நான் ஏற்கவில்லை. அவர்கள் பரப்பிய பேச்சு இன்னும் ஊரில் உலவுகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

("மணிமுத்தாற்றின் மேல் சூரியன்..." அடித்துவிட்டேன். எங்கள் கூடத்திலிருந்து ஆறு தெரியாது.)

2

சுந்தரேசனுக்கு நடுக்குவாதம். கை நடுங்குவது ஊருக்குத் தெரியும். தொண்டை சொன்னபடி கேட்காதது வீட்டுக்கு மட்டும் தெரியும். அண்ணாந்து குடித்தால் புரையேறி மூச்சு முட்டும். ஜயாதான் வழி கண்டாள்: பீங்கான் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட, விளிம்பு உடைந்த கோப்பை. உடைந்த இடத்தில் மூக்கு அடங்கும், குனிந்தபடியே உறிஞ்சலாம்.

மூளிப் பாத்திரம் சுபகாரியத்துக்கு ஆகாது, எச்சில் வேறு. நிச்சயத்தன்று ஜகதாம்பாள் அதை விறகுக்குப் பின்னால் வைத்தாள். (இல்லை. ஒளித்தாள்.) வியாதி தெரிந்தால் தட்டு மாற்றாமலே எழுந்துவிடுவார்கள்.

3

சொஜ்ஜி சுந்தரேசனின் கன்னத்துக்குள்ளேயே நின்றது.

"உங்காத்துக்காரருக்கு சொஜ்ஜி பிடிக்கலையோ, இல்ல எங்களையே பிடிக்கலையோ?" என்றாள் பாக்யலட்சுமி.

"ரசிச்சுத்தான் சாப்பிடுவார்." ஜகதாம்பாள் முந்திக்கொண்டு சொன்னாள்.

வெங்கடகிருஷ்ணன் வெள்ளி டம்ளரை நீட்டினார். "ஜலம் சாப்பிடுங்கோ."

சுந்தரேசன் மானத்தோடு அண்ணாந்தான். புரையேறியது. மூக்கால் தண்ணீர் வந்தது, முகம் கறுத்தது.

("கண்ணீர் ததும்ப ஜயா..." அவள் அழவில்லை.)

இருமல் அடங்கியபோது, பட்டுப்புடவையில் விறகுத்தூளும் கையில் கோப்பையுமாக ஜயா நின்றாள்.

"ஏண்டி, அத உள்ள கொண்டு போ!"

"சித்த சும்மா இரும்மா. அப்பா, குனிஞ்சுக்கோங்கோ. கொஞ்சமா உறிஞ்சுங்கோ. ம், இப்ப விழுங்குங்கோ."

கோப்பையைப் பிடுங்கப்போன ஜகதாம்பாளின் கை, கணவனின் மோவாயைத் துடைத்தது.

4

தட்டு மாறியதா என்பீர்கள். மாறியது என்று ஒரு முடிவு எழுதினேன், வெங்கடகிருஷ்ணன் தெய்வமாகிவிட்டார். மாறவில்லை என்று எழுதினேன். ஊரார் ஜயாவைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். இரண்டும் எங்கள் வீட்டுக்கு ஒவ்வாது. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மாற்ற உங்களுக்கு உரிமையில்லை. சம்பந்திகள் முன்னால் பெண் தகப்பனைப் பிடரியில் அறைந்தாள் என்பது ஊர்ப்பேச்சு.

அறையவில்லை. பிடரியில் கைவைத்துத் தலையைத் தாழ்த்திப் பிடித்தாள். அவன் விழுங்கினான்.