உள்பக்க நாற்காலி

பக்கத்தில் யாராக இருந்தாலும் சரி என்றுதான் போனில் சொன்னேன், அப்படிச் சொன்னால் பேச்சு முடிந்துவிடும் என்று நினைத்தேன், வாசிக்க ஆள் சேர்க்கும் கோஆர்டினேட்டர் விடவில்லை, "சும்மா சொல்லாதப்பா, இன்னிக்கு ஒரு நாள் வாசிச்சுப் பாரு, நாளையிலேர்ந்து பெரிய படம், யார் பக்கத்துல யாருன்னு ஒரு தடவை முடிவாயிட்டா படம் முடியற வரைக்கும் அதுதான்" என்றார், நல்ல மனிதர், துக்கம் கேட்க வந்த அன்று நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சொட்டச் சொட்டக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றவர், அவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, வேண்டாம் என்றால் எது வேண்டாம்... அதனால் வந்துவிட்டேன், என் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், வயலின்காரர்களில் இரண்டாவது ஸ்டாண்ட், வெளிப்பக்க நாற்காலி. இசைத்தாள் வைக்கும் ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு பேர். வெளிப்பக்கம் இருப்பவர் நிறுத்தாமல் வாசிப்பார், உள்பக்கம் இருப்பவர் தாள் முடியும் இடத்தில் வில்லை நிறுத்திவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார். உள்பக்க நாற்காலி என் மனைவியுடையது. அவள் இறந்த பிறகு இந்த ரெக்கார்டிங் கூடத்துக்குள் நான் வருவது இதுதான் முதல் தடவை. ஏதாவது ஆகும் என்று காத்திருந்தேன், பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படித் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், கன்னம் இருக்கிறது, யாருடையது என்றுதான் தெரியவில்லை.

"தம்பி, நான் உக்காரலாமா?" அக்கா. எல்லோருக்கும் அக்கா, அவரைவிட மூத்தவர்களுக்கும் அக்கா, இத்தனை வருடம் கடைசி வரிசையில் இருந்தவர், இன்றைக்கு முன்னால் கூப்பிட்டிருக்கிறார்கள். உக்காருங்கக்கா என்றேன். "இல்ல, கேட்டுட்டு உக்காரணும்ல" என்று நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார், யாராவது வந்து எழுப்பிவிடுவார்கள் என்பதுபோல, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்ந்தார். அவருக்குச் சந்தோஷம், மறைக்கப் பார்க்கிறார், முடியவில்லை, கண்ணாடியைத் துடைக்கிறார், வில்லுக்கு ரோசின் பிசின் தடவுகிறார், தடவியதற்கே மறுபடி தடவுகிறார், "பின்னாடி உக்காந்து உக்காந்து, எனக்கு முன்னாடி இருக்கிற மனுஷனோட வழுக்கை எங்க ஆரம்பிச்சு எங்க வந்து நிக்குதுன்னு அவர் பொண்டாட்டியைவிட எனக்குத்தான் நல்லாத் தெரியும்" என்றார், சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார், பொண்டாட்டி என்ற சொல் வந்துவிட்டதாம்... எல்லோரும் இப்படித்தான், என்னைக் கண்டதும் சில சொற்களைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுகிறார்கள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னால் இன்னும் பயப்படுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே என்பதுதான் எனக்கும் பயம். "இங்கேயும் முதல் ஸ்டாண்டுக்காரருக்கு ஆரம்பிச்சிருச்சுக்கா, கவலைப்படாதீங்க" என்றேன். முதல் ஸ்டாண்டுக்காரர் திரும்பாமலே, "முடிதான்டா கொட்டுது, காது அப்படியே இருக்கு" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிப்பது சுலபம், வாயை ஓர் அளவுக்கு இழுத்தால் போதும்.

அளவு பார்த்துக் கொடுப்பதுதானே என் வேலை. கல்லூரியில் படித்தது பொருளாதாரம், கையில் இருந்தது வயலின், படிப்பு முடிந்ததும் ஒரு பாப் பாடகரின் மேடை நிகழ்ச்சிகளுக்கு ஆள் எடுத்தார்கள், போய்ப் பார்த்தால் வயலின் எல்லாம் ஏற்கெனவே பதிவு செய்து வைத்தது, நாங்கள் கறுப்புச் சட்டையில் பின்னால் வரிசையாக நின்று வில்லை ஆட்டினால் போதும். முதல் நாள் என் வில் உண்மையாகவே சத்தம் போட்டுவிட்டது. பக்கத்தில் நின்ற பெண் தலையைத் திருப்பாமல், "சோப்பு போட்டுட்டு வா" என்றாள். எங்கே? "மூஞ்சியில இல்ல, வில்லுல. சோப்பு தேய்ச்சா சத்தம் வராது. இதுகூடத் தெரியாம எந்தக் காலேஜ்ல படிச்ச?" அப்படித்தான் அவள் எனக்கு அறிமுகமானாள், அந்தப் பயணம் முழுக்கச் சத்தமே வராமல் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாசித்தோம், ஒரு பத்திரிகையில் படம்கூட வந்தது, பாடகரின் தோளுக்குப் பின்னால் எங்கள் இரண்டு முழங்கைகள். பிறகு விளம்பரங்கள், பற்பசைக்குத் துள்ளலாக, இன்சூரன்சுக்குக் கொஞ்சம் உருக்கமாக, பிறகு பாப் ஆல்பங்கள், கடை, ஹோட்டல், லிப்ட் என்று எங்கே போனாலும் துரத்திய பாட்டுகள், உறையில் வயலின் குழுவினர் என்று ஒரே ஒரு வரி, பிறகு படங்கள். கல்யாணம் ஆனபோது கோஆர்டினேட்டர் கொடுத்த பரிசு இந்த ஸ்டாண்ட், "வீட்லயும் சண்டை போடுங்க, இங்கயும் சண்டை போடுங்க" என்று இரண்டு பேரையும் இங்கே சேர்த்து உட்காரவைத்தார். சோகமா, எவ்வளவு சோகம், லேசாகவா, கனமாகவா என்று கேட்டு அந்த அளவுக்கு எடுத்துக் கொடுத்தேன் எல்லோருக்கும், இப்போது எனக்கென்று கொஞ்சம் எடுக்கலாம் என்று பார்த்தால் எந்தப் பெட்டியில் வைத்தேன் என்றே தெரியவில்லை.

கண்டக்டர் மேடையேறினார், எங்களுக்குள் அவர் பெயர் டிக்கெட், வேறென்ன பெயர் வைப்போம். திரையில் ஒருவன் காலி வீட்டில் அறை அறையாக ஜன்னல்களைச் சாத்துகிறான், வசனம் இல்லை. பாப் பாட்டாக இருந்தால் ஹெட்போன் வழியாகக் காதுக்குள் தாளக் கிளிக் ஓடும், டிக் டிக்கென்று, அதைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம், இது மெதுவான காட்சி, கிளிக் கிடையாது, டிக்கெட் திரையைப் பார்ப்பார், நாங்கள் டிக்கெட்டின் கையைப் பார்ப்போம். வாசித்தோம். முதல் பக்கத்தின் கடைசிச் சுரம், வில்லை இழுத்தேன், இழுத்துக்கொண்டே இருந்தேன், பக்கம் திரும்பவில்லை, வில் தீர்ந்துபோய் நுனி தந்தியிலிருந்து நழுவியது, நான் தாளுக்காகக் காத்திருக்கிறேன், அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்... டிக்கெட் கையை இறக்கினார். ஸ்பீக்கரில் சவுண்ட் இன்ஜினியர், "என்னாச்சு, ரெண்டாவது ஸ்டாண்டு தூங்கிருச்சா?" யாரைக் கேட்டோம் என்று அப்புறம்தான் உறைத்திருக்கும், சட்டென்று மைக்கை அணைத்தார். "ஐயோ, என் தப்பு சார்" என்றார் அக்கா, "பின்னாடி நான் வெளிப்பக்கம், பக்கத்துல இருக்கிறவன்தான் திருப்புவான், எனக்குக் கையே வரல." கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல், "அக்காவுக்கு எங்க போனாலும் வேலைக்கு ஆள் வேணும்!" அக்கா திரும்பி, "நீ திருப்பின லட்சணம் எனக்குத் தெரியாதா, பாதி நாள் ரெண்டு தாளைச் சேர்த்துத் திருப்புவ" என்றார். கண்ட்ரோல் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோஆர்டினேட்டர் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார், அவர் கவலை எனக்குப் புரிந்தது, நாளைக்கு இப்படி ஆனால் மற்ற எல்லோரும் காத்துக்கிடக்க வேண்டும், பிறகு என்னை எப்படிக் கூப்பிடுவார். "நான் உள்ள வரேன்க்கா, நீங்க வெளிய வாங்க." யார் சொன்னது? நான்தான்.

மாறி உட்கார்ந்தோம். இரண்டு அடி தூரம். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட இங்கே உட்கார்ந்து பார்த்ததில்லை, எதற்காக உட்கார வேண்டும், அவளுடைய இடம் அவளுடையது. டிக்கெட் வழக்கம்போல ஒவ்வொரு ஸ்டாண்டாகக் கண்ணால் தொட்டுக்கொண்டு வந்தார், "எல்லாருக்கும் தெரியறேனா?" தெரியுது சார் என்றார் அக்கா, வெளிப்பக்கம் இருப்பவர்தான் இருவருக்கும் சேர்த்துச் சொல்வது, நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். எனக்குத் தெரியவில்லை. நேர் எதிரே மைக் ஸ்டாண்ட், கனத்த இரும்புக் குழாய், அதன்மேல் சுற்றிச் சுற்றிப் பருத்துப்போன வயர், இந்தப் பக்கம் டிக்கெட்டின் தோள் கொஞ்சம், அந்தப் பக்கம் காது கொஞ்சம், கை இல்லை. தலையைச் சாய்த்தால் தாள் மறைகிறது, நிமிர்ந்து நகர்ந்தால் அக்காவின் வில் இடிக்கிறது, சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் விளக்கு சிவப்பாகிவிட்டது, அக்காவின் முழங்கை அசைந்தது, அதைப் பார்த்து என் முழங்கை அசைந்தது. ஸ்பீக்கர் சொன்னது, "ரெண்டாவது ஸ்டாண்டுல ஒருத்தர் லேட்டு."

இது அவளுக்குச் சொல்லும் வாக்கியம், படத்துக்குப் படம் சொல்வது, சொன்னதும் அவள் எழுந்து நின்று, "பஸ்சை எடுத்துட்டாரு சார், ஓடி வந்து ஏறினேன்" என்பாள், டிக்கெட்டே சிரித்துவிடுவார், நானும் சிரிப்பேன், வீட்டிலும் லேட்டு என்றுதான் கூப்பிட்டேன், லேட்டு, சாவி எங்கே, லேட்டு, தூங்கிட்டியா. அவள் கை அப்படி என்று இருந்தேன், சிலருக்கு இடது கைப் பழக்கம் இருக்கிறதே, அந்த மாதிரி. ஆனால் பாப் பாட்டுகளில் அவள் ஒருநாளும் பிந்தியதில்லை, ஊசி முனையில் வந்து நிற்பாள். காதில் கிளிக் இருந்தால் சரியாக வருகிறாள், கையைப் பார்த்து வாசிக்க வேண்டிய இடத்தில் பிந்துகிறாள், இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஏன் தோன்றவில்லை... அவள் பார்த்தது டிக்கெட்டின் கையை இல்லை. என் முழங்கையை. நான் அசைந்த பிறகு அசைந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை, சொல்லாமலா இருந்திருப்பாள், பஸ் ஜன்னல் காற்றில், குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தில், தூக்கக் கலக்கத்தில், அந்த மைக் ஸ்டாண்டு இருக்குல்ல என்று ஆரம்பித்திருப்பாள், நான் ம் என்றிருப்பேன். தலை வலிக்குது என்று அந்தக் கடைசி நாளில் சொன்னபோதும் ம் என்றேன், மாத்திரை போட்டுக்கோ என்றேன்... அது வேறு. டாக்டரும் அது வேறு என்றுதான் சொன்னார், உடனே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். வேறுதானா?

"அக்கா, எனக்கு அவரைத் தெரியல." அக்கா என் பக்கம் குனிந்து, எனக்கு எது தெரிகிறதோ அதைப் பார்த்தார், "அட, இதைச் சொல்றதுக்கென்ன, வாய்ல பூட்டா போட்டிருக்கு?" என்றவர், வில்லைத் தூக்கி, "சார், தம்பிக்கு மறைக்குது, இந்த மைக்கைக் கொஞ்சம் நகத்துங்க." இன்ஜினியரே வெளியே வந்தார், பருத்த மனிதர், மணிக்கட்டில் டேப் சுருளை வளையல்போல மாட்டியிருந்தார், ஸ்டாண்டை ஒரு கையால் தூக்கி ஒரு சாண் தள்ளி வைத்தார். அவ்வளவுதான். மூச்சுக்கூட வாங்கவில்லை. டிக்கெட் முழுசாக வந்துவிட்டார், இரண்டு கைகள், மடித்துவிட்ட சட்டைக்கை, அறுந்து தொங்கும் பொத்தான். "இவ்வளவு நாளா யாரும் சொல்லலையே" என்றார் இன்ஜினியர், எங்கள் யாரையும் பார்க்காமல்.

மறுபடி விளக்கு. டிக்கெட்டின் கை இறங்கியது, அக்காவின் வில்லும் என் வில்லும் சேர்ந்து இறங்கின, ஒரே சத்தம், எது அவர் எது நான் என்று என்னாலேயே பிரிக்க முடியவில்லை, தாள் முடிந்த இடத்தில் திருப்பினேன், அக்கா நிற்கவில்லை, கடைசி ஜன்னல் சாத்தும் வரை போனோம். "ஓகே, பிரமாதம்" என்றது ஸ்பீக்கர், அக்கா என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார், எல்லாம் சரியாக இருந்தது, சரியாக இருந்ததில்தான் ஏதோ... அவள் போன பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டு டிவியில் ஏதோ படம் ஓடியது, சுவருக்கு அந்தப் பக்கம், வசனம் ஒன்றும் பிடிபடவில்லை, திடீரென்று வயலின்கள், அவற்றுக்குள் ஒன்று ஒரு நூல் பிந்தி வந்தது. வேறு யாருக்கும் கேட்காது, பக்கத்தில் உட்கார்ந்து பழகியவனுக்குக் கேட்கும். கழுவிக்கொண்டிருந்த தட்டோடு அப்படியே நின்றேன், அவள் அங்கே இருந்தாள். பாப் பாட்டுகளிலும் தேடியிருக்கிறேன், கடை வாசலில் நின்று, ஹோட்டலில் கை கழுவப் போகாமல் உட்கார்ந்து, அவற்றில் அவள் சரியாக வாசித்திருக்கிறாள், அதனால் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைப்பதெல்லாம் அந்தக் குழாய் மறைத்த இடங்களில்தான். அவள் கழுத்தை வளைத்து, கண்ணை ஓரமாகத் தள்ளி, என் முழங்கையைத் துரத்திக்கொண்டு வந்த இடங்களில்.

கோஆர்டினேட்டர் கதவைத் திறந்து தலையை நீட்டினார், "அப்ப நாளைக்கும் இப்படியேதானப்பா, அக்கா வெளிய, நீ உள்ள?" அவர் முகத்தில் ஒரு பாரம் இறங்கியிருந்தது. இன்ஜினியர் முழங்காலில் உட்கார்ந்து, மைக் ஸ்டாண்ட் முன்பு நின்ற இடத்தைத் தரையில் குறித்திருந்த பழைய டேப்பை நகத்தால் நெம்பினார், ஓரமெல்லாம் அழுக்கேறிக் கறுத்துப்போனது, சுலபத்தில் வரவில்லை. "புது இடத்துல மார்க் பண்ணிடறேன் சார், ஒரு தடவை ஒட்டிட்டா பெருக்க வர்றவங்ககூட நகத்த மாட்டாங்க. ஒட்டவா?" என்னைத்தான் கேட்டார். ஒட்டுங்க என்பதுதான் பதில். இனி இங்கே உட்காருகிறவருக்காவது தெரிய வேண்டும், ஒரு சாண் விஷயம், இதற்கு யோசிக்க என்ன இருக்கிறது. அவள் சொல்லி, நான் கேட்டு, அன்றைக்கே தள்ளி வைத்திருந்தால் அவளும் சரியாக வந்திருப்பாள், பின்கழுத்து வலிக்கிறது என்று தைலத்தை என்னிடம் நீட்டியிருக்க மாட்டாள், சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே கேட்டிருக்காது. அப்படி நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கப் பார்த்தேன். மனதார நினைக்க முடியவில்லை. "சார், ஒட்டவா?" எல்லோரும் வில்லை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். தலையை ஆட்டினேனா, வெறுமனே குனிந்தேனா, தெரியவில்லை, சுருளிலிருந்து டேப் கிழியும் சத்தம் கேட்டது.