ஈரத்தில் இறுகியது

பல மாதங்கள் கடலில் ஊறிய சோதனைத் துண்டு அவ்வளவு இழுவையைத் தாங்கியிருக்கக் கூடாது. இயந்திரத்தின் திரையில் எண் ஏறிக்கொண்டே போனபோது ஆதிலாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. அடுத்த துண்டையும் மாட்டி இழுத்துப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான்.

திருகோணமலை உட்துறைமுகத்தை ஒட்டிய அந்தச் சிறிய ஆய்வுகூடத்தில் அவளும் ஞானசேகரமும் மட்டுமே வேலை செய்தார்கள். இருவரும் பொறியியல் படித்தவர்கள். அவர் வயதில் மூத்தவர், உப்புவெளியில் வீடு. அவள் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்துபோவாள். பைபர் வள்ளங்களின் மூட்டுகளை அடைக்கும் சீலன்ட் ஒன்றைச் சோதித்துச் சான்றிதழ் தரும்படி கொழும்பிலுள்ள ஓர் இறக்குமதி நிறுவனம் கேட்டிருந்தது. வள்ளத்தின் மேல்தட்டும் அடியும் சேரும் இடத்தில் ஒட்டு விட்டால் கடலில் நிற்பவனுக்கு என்ன நடக்கும் என்பது அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு பைபர் தகடுகளைச் சீலன்ட் பூசி ஒட்டித் துண்டுகள் செய்தார்கள். ஒரு வாரம் மேசையில் காயவிட்டு, பாதியைக் கம்பிக் கூடையில் வைத்து இறங்குதுறை ஜெட்டிக்கு அடியில் கடலில் இறக்கினார்கள். மீதியை, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். கடலில் கிடந்தது எவ்வளவு பலம் இழந்தது என்பதை உலர்ந்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் சோதனை. இப்போது கடலில் கிடந்தது பலம் இழக்கவில்லை. உலர்ந்ததைவிட மிக அதிகமாகத் தாங்கியது.

உலர்ந்த துண்டுகளில் ஒரு பகுதியை இழுத்துப் பார்த்தவர் ஞானசேகரம். ஆதிலா பெருநாள் லீவில் நின்ற நேரம் அது. திரும்பி வந்தபோது எண்கள் மட்டுமே அவள் கைக்கு வந்தன. உடைந்த துண்டுகளை அவள் காணவில்லை. அன்றைக்கு அது ஒரு விஷயமாகப் படவில்லை.

இப்போது எல்லாமே விஷயமாகப் பட்டது. நிறுவனத்தின் ஆள் ஸப்வான் வரும்போதெல்லாம் ஞானசேகரம் அவனைக் கார் வரைக்கும் கூட்டிப்போய்க் கதைத்தார். ஒரு தடவை அவள் பின்னால் போனாள். அவளைக் கண்டதும் இருவரும் கதையை நிறுத்தினார்கள். ஸப்வான் தேவையில்லாமல் சிரித்தான். கடலுக்குள் இருக்கிற துண்டுகளை எடுத்துவிட்டு, கடலைக் காணாத புதுத் துண்டுகளை வைப்பது அப்படியொன்றும் கஷ்டமான வேலையில்லை என்று அவள் கணக்குப் போட்டாள். அந்தக் கூடைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

ஒரு காலை, பஸ்ஸை விட்டு இறங்கி நேராக ஜெட்டிக்குப் போனாள். கூடையைத் தூக்கி, மிச்சமிருந்த ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் பிளேட்டால் சின்னதாய் ஒரு கீறல் போட்டாள். கீறல் இல்லாத துண்டு மேலே வந்தால் அது மாற்றி வைத்தது. பக்கத்தில் வலையைச் சரிபண்ணிக்கொண்டிருந்த மீனவர் அவளை நிமிர்ந்து பார்த்து, மற்ற ஐயாவும் முந்தநாள் தனியே வந்து இதே கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னார். அவள் கூடையை இறக்கினாள். கயிற்றை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள்.

அடுத்த வாரங்கள் கசப்பாகப் போயின. ஞானசேகரம் தேத்தண்ணி ஊற்றித் தந்தால் வாங்கிக் குடித்தாள், ஆனால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் முன்னைப்போல் இல்லை. அவள் அலுமாரியைத் திறந்தால் ஏதோ ஒரு சாட்டில் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். குற்றமுள்ள நெஞ்சு என்று அவள் நினைத்தாள்.

அடுத்த தொகுதியை எடுக்கும் நாளில் இருவரும் ஒன்றாகவே போனார்கள். கூடை மேலே வந்தது. அவள் முதல் துண்டைத் திருப்பினாள். அவள் போட்ட கீறல் அங்கேயே இருந்தது. ஆனால் மறு ஓரத்தில், அவள் போடாத இன்னொரு கீறலும் இருந்தது. எல்லாத் துண்டுகளிலும் அப்படித்தான். நிமிர்ந்தபோது ஞானசேகரமும் ஒரு துண்டைக் கையில் வைத்து, அவளுடைய கீறலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது நீங்கள் போட்டதோ?” என்று கேட்டார்.

“ஓம். மற்றது?”

“நான் போட்டனான்.”

அவர் கையிலிருந்த துண்டைக் கூடைக்குள் திரும்ப வைத்தார். பிறகு அவர்தான் தொடங்கினார். பெருநாளுக்கு முந்திக் கிண்ணியாவில் ஒரு கலியாணத்துக்குப் போனபோது கடைத்தெருவில் இதே சீலன்ட் அடைத்த ரின்களை அடுக்கி வைத்திருந்த வன்பொருள் கடையைக் கண்டிருக்கிறார். பலகையில் இருந்தது ஆதிலாவோடு கூடப்பிறந்த மூத்தவர், அவளுடைய நானாவின் பெயர். அந்தக் கடைக்கும் நிறுவனத்துக்கும் என்ன தொடுப்பு என்று ஸப்வானிடம் துருவிக் கேட்கத்தான் கார் வரைக்கும் போயிருக்கிறார். அவன் பிடிகொடுக்காமல் சிரித்துச் சமாளித்திருக்கிறான்.

“உங்கட நானா இதை விக்கிறார் எண்டு நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்க கேக்கல்ல அண்ணன்,” என்றாள். சொல்லி முடிக்கும்போதே அது பதில் ஆகாது என்று அவளுக்கு விளங்கியது. நானாவின் கடையில் எத்தனையோ சாமான்கள் இருந்தன. அதில் இதுவும் ஒன்று, அவ்வளவுதான் என்று அவள் தனக்குள்ளேயே முடித்துவிட்ட காரியம் அது. வெளியிலிருந்து பார்க்கிற ஒருவருக்கு அது எப்படித் தெரியும் என்று யோசித்ததேயில்லை.

அவளும் தன் சந்தேகத்தைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. முகம் மட்டும் கறுத்துப்போனது. இருவரும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஆய்வுகூடம் வந்தார்கள்.

உள்ளே வந்ததும் அவள்தான் முதலில் கேட்டாள். துண்டுகளை யாரும் மாற்றவில்லை. அப்படியென்றால் கடலில் கிடந்த எண் உண்மை. பிறகு பிழை எங்கே? அலுமாரியில் இன்னும் இழுக்காத உலர்ந்த துண்டுகள் இருந்தன. அவர் முன்னிலையில் ஒன்றை எடுத்து, கத்தியை நுழைத்து நெம்பித் தகடுகளைப் பிரித்தாள். ஓரங்களில் சீலன்ட் ரப்பர்போல இறுகியிருந்தது. நடுவில் விரலை வைத்தாள். விரல் ஒட்டியது. இழுக்க இழுக்கப் பலாப்பால்போல நூலாக வந்தது.

“இது காற்றில இருக்கிற ஈரத்தை எடுத்துத்தான் இறுகிற சாமான்,” என்றாள் மெதுவாக. “நடு இறுக முதலே நாங்க இதை ஈரமில்லாத அலுமாரிக்குள்ள பூட்டிட்டம். கடலுக்குள்ள போனது நனைஞ்சு முழுசா இறுகியிருக்கு.”

ஞானசேகரம் கதிரையில் உட்கார்ந்தார். பெருநாள் நேரத்தில் இழுத்தபோது அந்தப் பிசுபிசுப்பைத் தான் கண்டதாகச் சொன்னார்.

“கண்டீங்களா? ஏன் எனக்குச் சொல்லல்ல?”

“நீங்கள்தான் பழுதான ரின்னில இருந்து எடுத்துப் பூசியிருக்கிறியள் எண்டு நினைச்சன். உலர்ந்தது கெட்டுப்போனா மற்றது நல்லாத் தெரியும்தானே. உங்களைப் பிடிக்கிறதுக்கு எண்டு வைச்சிருந்தனான்.”

அவளுக்குக் கண் கலங்கியது. கோபத்தினாலா வெட்கத்தினாலா என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை. ஒருவரை ஒருவர் நம்பியிருந்தால் பெருநாள் முடிந்த மறுநாளே வெளிச்சத்துக்கு வந்திருக்கும் பிழை அது. அலுமாரிக்குள் வைக்கும் முறையை அவர்கள் இருவரும் சேர்ந்தே முடிவு செய்திருந்தார்கள்.

முழுத் தொகுதியும் செல்லாது என்று நிறுவனத்துக்கு அறிவித்தார்கள். ஸப்வான் மறுநாளே வந்து நின்றான். கடலில் கிடந்தது நன்றாகத் தாங்கியது உண்மைதானே, அந்த எண்ணை மட்டும் தந்தால் போதுமே என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அதற்கு ஏலாது என்று ஞானசேகரம் சொன்னார். ஸப்வான் ஆதிலாவின் பக்கம் திரும்பி, அவளுடைய நானாவும் இந்தச் சான்றிதழுக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறார் என்றான். அவள் ஞானசேகரத்தைப் பார்க்காமல், அறிக்கையின் முதல் பக்கத்திலேயே நானாவின் கடையில் இது விற்கப்படுவதைக் குறிப்பிடப்போவதாக அவனிடம் சொன்னாள்.

சோதனை திரும்பத் தொடங்கியது. இம்முறை எல்லாத் துண்டுகளையும் முற்றாக இறுகவிட்ட பிறகே கடலுக்கும் அலுமாரிக்கும் என்று பிரித்தார்கள். கடலில் ஊறியவை எதிர்பார்த்தபடி பலம் குறைந்து வந்தன. மோசமில்லை, அற்புதமும் இல்லை. முதல் எண் திரையில் நின்றபோது இருவரும் ஒன்றாக மூச்சுவிட்டார்கள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

கடைசித் தொகுதி கரைக்கு வந்த நேரம் ஆதிலா காய்ச்சலில் படுத்துவிட்டாள். எழுந்து வேலைக்கு வந்தபோது துண்டுகள் இழுக்கப்படாமல் வாளியில் கடல்நீருக்குள் அப்படியே இருந்தன. அவள் வரும்வரை காத்திருந்ததாக ஞானசேகரம் சொன்னார். அது மரியாதையா, அவர்மீது பழி வராமல் பார்த்துக்கொள்ளும் எச்சரிக்கையா, அல்லது அவளைத் திரும்பவும் கண்காணிக்கும் வேலையா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கலாமா என்று யோசித்தாள். ஒரு துண்டை எடுத்துத் துடைத்து இயந்திரத்தின் பிடிக்குள் மாட்டி, அவரை வந்து பக்கத்தில் நிற்கச் சொன்னாள்.