தெஹ்னார்க்காரியின் புருஷன்

எல்லைக்கல் நட்ட அன்று சாயங்காலம் தண்ணீர் அந்தக் கல்லுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. பரவவில்லை, திரும்பிப் போகவுமில்லை. ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பி, யாராவது உள்ளே கூப்பிடட்டும் என்று வாசலில் காத்திருக்கும் விருந்தாளியைப் போல நின்றது. ஷாவின் அரசாங்கம் மாகாணங்களின் பழைய பெயர்களைப் பிடுங்கிக்கொண்டு எண்களைக் கொடுத்த வருஷம் அது. கோடு போட வந்த அதிகாரி, மலையடியில் இருந்த தாய்க்கிணற்றை ஓர் எண்ணிலும், அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பூமிக்கடியில் வழிவெட்டிக் கொண்டுவந்து குடித்த தெஹ்னார் கிராமத்தை அடுத்த எண்ணிலும் வைத்துவிட்டுக் குதிரையேறிப் போய்விட்டார். கல்லுக்கு அந்தப் பக்கம் பாலாகலே வட்டாரம், இந்தப் பக்கம் பூத்து நின்ற மாதுளந்தோட்டங்கள்.

அதற்கு முன் தெஹ்னாரை எத்தனையோ பேர் ஆண்டிருக்கிறார்கள். கான்கள் வந்தார்கள், இளவரசர்கள் வந்தார்கள், வரியாக வாதுமைப்பருப்பையும் குதிரைகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஓர் ஆளுநர் பதவியேற்ற ஊர்வலத்திலேயே வெயில் தாங்காமல் ஆவியாகிப் போனார். அவருடைய செருப்புகள் மட்டும் தலைநகருக்கு அனுப்பப்பட்டன. ஆனால் கனாத் என்று அங்கே சொல்கிற அந்தச் சுரங்கத் தண்ணீரின்மேல் யாரும் கைவைத்ததில்லை. கனாத்துக்கு ஜஹான்பக்ஷ் என்று பெயர். ஆண் கனாத். ஆண் என்றால் தனியாக இருந்தால் வற்றிப்போகும். அதனால் ஊரில் ஒரு விதவையை முறைப்படி அதற்கு நிக்காஹ் செய்துவைத்து, வருஷா வருஷம் கோதுமை அளந்து கொடுப்பார்கள். அவள் அதில் குளித்து, அதோடு பேசி, அதன் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போதைய மனைவி மாஹ்சுல்தான். முதல் புருஷன் முசுக்கட்டை மரத்திலிருந்து விழுந்து செத்த பிறகு, உண்மையைச் சொன்னால், கோதுமைக்காகத்தான் சம்மதித்தாள். ஆனால் பழகப் பழக மனசு மாறிவிட்டது. முதல் புருஷன் அவள் பேசினால் தூங்கிவிடுவான். இவனோ கோடையில் குளிர்ந்தும் பனிக்காலத்தில் வெதுவெதுப்பாகவும் விடிய விடியக் கேட்டுக்கொண்டிருப்பான். அவன்மேல் அவளுக்கு உயிர். அவன் இந்தக் கல்லைத் தாண்டாவிட்டால் பூவெல்லாம் உதிர்ந்து, கோடைக்குள் ஊர் மூட்டை கட்டவேண்டியதுதான்.

கல்லருகே போய் நின்று நன்றாகத் திட்டினாள்.

“எத்தன கவர்னரப் பாத்தவன் நீ! ஒரு கல்லப் பாத்து நடுங்கறியே, வெக்கமா இல்ல?”

தண்ணீர் தலைகுனிந்தது. அரசாங்க உத்தரவை அதன் எதிரிலேயே உரக்கப் படித்திருந்தார்கள். பாவம், ஜஹான்பக்ஷ் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்.

பாலாகலேயின் வட்டார அதிகாரி ஹிஷ்மதிக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஊருக்குச் சொந்தமாகவே ஒரு கனாத் உண்டு. இருந்தாலும் சும்மா வந்த தண்ணீரை யார் விடுவார்? தன் வீட்டு முற்றத்தில் செயற்கை ஊற்று வைக்க ஆள் பேசிவிட்டார். மாஹ்சுல்தான் தூசியும் கோபமுமாக அவர் அலுவலகத்தில் போய் நின்றாள்.

“அது எம் புருஷங்க. நிக்காஹ் பண்ணிவச்ச முல்லா இன்னும் உசுரோடதான் இருக்காரு, கேட்டுப் பாருங்க.”

“அப்படின்னா நீ இங்க வந்து குடித்தனம் பண்ணும்மா. புருஷன் இருக்கற எடந்தான் பொண்டாட்டிக்கும்.”

“நான் வந்துருவேன். மாதுள மரமெல்லாம் பாயச் சுருட்டிக்கிட்டு எம் பின்னால வருமா?”

எழுத்தர்கள் சிரித்தார்கள். ஹிஷ்மதிக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. “உன் வீட்டுக்காரருக்கு ஊருக்குத் திரும்ப ஆசையிருந்தா, அவரே நேர்ல வந்து சொல்லட்டுமே. நான் வேணாம்னா சொல்றேன்?”

மாஹ்சுல்தான் நேராகக் கல்லுக்குத் திரும்பினாள். “கேட்டியா? உன்னத்தான் வரச் சொல்றாரு. அது கல்லுக்கு உன் பக்கமே இருக்கற ஊர்தான், சட்டமெல்லாம் ஒண்ணும் தடுக்காது. கெளம்பு. மொகம் கழுவிட்டுப் போன்னு உனக்குச் சொல்ல வேண்டியதில்ல.”

மறுநாள் காலை ஜஹான்பக்ஷ் பாலாகலேயின் கடைவீதி வழியாக வந்தான். முழங்கால் உயரத்தில், வீதியின் ஓரமாக, எதிரே வந்த பெண்களுக்கு வழிவிட்டு, யாருடைய பாவாடை நுனியையும் நனைக்காமல் வந்தான். மாஹ்சுல்தான் முன்னால் நடந்தாள். அலுவலகப் படிகளில் ஏறி, ஆட்டு வழக்குக்காக வந்திருந்த ஒருவனுக்குப் பின்னால் முறை வரும்வரை நின்றான். அந்த ஆள் தன் ஆட்டுக்குக் கொஞ்சம் குடிக்கக் கொடுக்கலாமா என்று கேட்டான். ஜஹான்பக்ஷ் மறுக்கவில்லை.

ஹிஷ்மதி தலை நிமிர்ந்து பார்த்தார். பயந்திருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் அவர் நல்ல குடும்பத்துப் பிள்ளை; வாசலில் யார் வந்து நின்றாலும் நாக்கு தானாகவே மரியாதை பேசிவிடும். எழுந்து நெஞ்சில் கைவைத்து, “வாங்க வாங்க. இந்த எடமே உங்களோடதுதான். நாற்காலி உங்களுது, வட்டாரம் உங்களுது. நான் உங்க வேலக்காரன்” என்றார். எல்லோரும் சொல்வதுதான். வந்தவர் மூன்று தடவையாவது வேண்டாம் வேண்டாம் என்று மறுக்க, இவர் வற்புறுத்த, கடைசியில் இருவரும் தேநீர் குடிப்பார்கள். ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் பூமிக்கடியில் வாழ்ந்த ஜஹான்பக்ஷுக்கு இந்த உபசாரமெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு மேசை, அலமாரி, வரவேற்பறை என்று தன்னுடையதாகிவிட்ட எல்லாவற்றிலும் பரவி, மார்பளவுக்கு நிறைந்தான். ஹிஷ்மதியின் புதுத்தொப்பி மைக்கூட்டோடு சேர்ந்து மிதந்தது.

“ஐயோ, மரியாதைக்குச் சொன்னேம்மா!”

“அவரு மறுத்தாரா?” என்றாள் மாஹ்சுல்தான். “இத்தன பேரு சாட்சி. வட்டாரம் இப்ப எம் வீட்டுக்காரரோடது. கல்ல எங்க நடறதுன்னு அவருதான் சொல்லணும்.”

கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது ஹிஷ்மதியின் வம்சத்திலேயே இல்லாத பழக்கம். அந்த வெட்கத்துக்கு நீச்சலே மேல் என்று நினைத்தாரோ என்னவோ, மார்பளவுத் தண்ணீரில் நின்றபடியே உத்தரவு போட்டார். அன்று மாலையே கல்லைப் பெயர்த்து, மலையேறி, தாய்க்கிணற்றுக்கும் அப்பால் நட்டார்கள். ஜஹான்பக்ஷ் நாற்காலியைத் துடைத்ததுபோலக் காயவிட்டுவிட்டு எழுந்தான். மாஹ்சுல்தான் தலை நிமிர்ந்து முன்னால் நடக்க, அவன் பின்னால் நடந்தான். தெஹ்னாரில் தஃப் மேளம் கொட்டி, கூரைகளில் ஏறி நின்று குலவையிட்டார்கள். தோட்டத்துக்குள் அவன் நுழைந்தபோது மாஹ்சுல்தான் எல்லார் எதிரிலும் அழுதாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அதுவரை இருந்ததில்லை. அந்த வருஷத்து மாதுளைகளை ஒரு கையால் தூக்க முடியவில்லை.

பிற்பாடு மாகாணங்களுக்கு எண்கள் போய்ப் பழைய பெயர்கள் திரும்பிவந்தன. கல் மட்டும் நட்ட இடத்திலேயே இருக்கிறது. பல வருஷம் கழித்துக் குடிக்கணக்கு எடுக்க வந்த இளைஞர் ஒருவர் மாஹ்சுல்தானின் வீட்டில் உட்கார்ந்து, குடும்பத் தலைவர் எங்கே என்று கேட்டார்.

“தோட்டத்துல வேலையா இருக்காரு தம்பி. இப்ப வந்துருவாரு.”

பொழுது சாய்ந்ததும் ஜஹான்பக்ஷ் முற்றம் வழியாக உள்ளே வந்தான். இளைஞர் கால்களைக் கம்பளம் விரித்த கட்டிலின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு பெயரை எழுதினார். வழக்கம்போல ஏதோ உபசாரமாகச் சொல்ல வாயெடுத்தவர், பாலாகலேயில் எச்சரித்து அனுப்பியது நினைவுக்கு வந்து, பேசாமல் தேநீரைக் குடித்தார்.