மாடி வீட்டு ஆல்டர்

சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடியும் நேரம். மாடியில் ஏதோ தொப்பென்று விழுந்தது.

"நாற்காலியா இருக்கும்" என்றான் நஃப்தலி.

"நாற்காலி முனகுமா?" என்று எழுந்தாள் அவன் மனைவி ஷிஃப்ரா.

இருவரும் மாடிக்கு ஓடினார்கள். தனியாக வாழும் ஆல்டர் தரையில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பேச முயன்றார், குழறியது. வாந்தி வேறு. ஷிஃப்ரா அவர் தலையை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. ஓடுங்க."

நஃப்தலி இறங்கினான். ஃபோன் நேற்று சாயங்காலமே அணைத்து மேசை இழுப்பறைக்குள் வைக்கப்பட்டிருந்தது. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள்; ஃபோனை இயக்குவதும் வண்டி ஏறுவதும் விலக்கு. அன்று அதை அவன் தொட்டதே இல்லை. கை நீண்டது, நின்றது. முனை வீட்டுக் கிழவரைப் பார்த்துக்கொள்ளும் நேபாளப் பெண் நினைவுக்கு வந்தாள். அவள் யூதப் பெண் இல்லை, அவளுக்கு ஓய்வுநாள் கட்டுப்பாடு கிடையாது. தெருவில் ஓடினான். கதவைத் தட்டினான். யாருமில்லை. பூங்காவுக்கு ஓடினான். அங்கும் இல்லை. திரும்பி மாடிக்கு ஏறினான்.

"வண்டி வருதா?" என்றாள் ஷிஃப்ரா.

"அந்தப் பொண்ணு வீட்ல இல்ல."

"எந்தப் பொண்ணு?"

சொன்னான். அவள் குரல் தாழ்ந்தது.

"உயிர் போற நேரத்துல ஆள் தேடப் போனீங்களா? உயிரைக் காப்பாத்த ஓய்வுநாளை மீறி நாமே பண்ணணும், அதுதானே நம்ம வேதச் சட்டம். வாராவாரம் அதைப் பாடம் நடத்துறீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். நன்றாகவே தெரியும். கீழே பாய்ந்து ஃபோனை எடுத்து எண்களை அழுத்தினான்.

ஓய்வுநாள் கோட்டைக்கூடக் கழற்றாமல் பைக்கில் வந்த முதலுதவித் தொண்டர், ஆல்டரின் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"எப்ப விழுந்தார்?"

"கொஞ்ச நேரம் முன்ன" என்றான் நஃப்தலி.

"கொஞ்சம்னா? மருந்து கொடுக்கலாமா வேண்டாமான்னு அதை வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. உள்ளதைச் சொல்லுங்க."

நஃப்தலி எல்லாவற்றையும் சொன்னான், பூங்காவுக்கு ஓடியது உட்பட. தொண்டர் நிமிர்ந்து அவனை ஒருமுறை பார்த்துவிட்டு நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் வந்தது.

"கூட யார் வர்றீங்க? அவரால பேச முடியல, விவரம் சொல்ல ஆள் வேணும்" என்றார் வண்டியில் வந்தவர்.

தெருவின் பால்கனிகளெல்லாம் அவர்களையே பார்த்தன. நஃப்தலி ஏறி உட்கார்ந்தான். ஆல்டரின் நல்ல கை அவன் சட்டையைப் பற்றியது.

"இங்கதான் இருக்கேன், ஆல்டர்ண்ணே."

வண்டி நகர்ந்தது. இன்னும் வேகமாகப் போகக்கூடாதா என்று அவன் ஓட்டுநரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.